மேடைக்குப் பின்னால் பன்னிரண்டாம் வரிசை

எல்மர் ஸ்டுபிகாவுக்குப் பாட்டு பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் வருவதெல்லாம் தப்பாகப் புரியும். கிளீவ்லாந்தில் எங்கள் பேஸ்பால் ஸ்டேடியத்தில் முப்பத்தொரு வருஷமாக நடந்த கோடைக் கச்சேரிகளில் அவன் ஒன்றைக்கூட விட்டதில்லை. கிட்டாரை உடைக்கிற கச்சேரி, தீயைக் கொளுத்திப் போடுகிற கச்சேரி, பெயரே வாயில் நுழையாத பையன்கள் சட்டையில்லாமல் குதிக்கிற கச்சேரி, எல்லாவற்றுக்கும் வந்தான். காதில் ஆரஞ்சு நிறக் கவசம் மாட்டிக்கொண்டு வந்தான். லிஃப்ட் ரிப்பேர் வேலையில் இருந்தபோது இரைச்சலுக்குப் போட்டுக்கொண்ட அதே கவசம். ஒரு பாட்டும் அவன் காதுக்குள் முழுசாக இறங்கியதில்லை.

பிறகு ஏன் வருகிறான் என்றால், எல்லாம் ஒரு கடிதத்தால் வந்த வினை. ஸ்டேடியத்தில் சீசன் டிக்கெட் வைத்திருக்கிற எங்களுக்கெல்லாம் வருஷா வருஷம் அந்தக் கடிதம் வரும். ஆட்டம் இல்லாத நாளில் கச்சேரி நடந்தால், உங்கள் இருக்கையை முதலில் வாங்கும் உரிமை உங்களுக்குத்தான், நீங்கள் வேண்டாம் என்றால் வேறு யாருக்காவது கொடுத்துவிடுவோம் என்று மரியாதையாக எழுதியிருப்பார்கள். மற்றவர்கள் அதைச் சலுகை என்று படித்தோம். எல்மர் மிரட்டல் என்று படித்தான். தான் வராவிட்டால் முன்பின் தெரியாத ஒருவன் தன் இருக்கையில் உட்காருவான், பியரைக் கொட்டுவான், கைப்பிடியை ஆட்டுவான் என்ற நினைப்பே அவனுக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. அதனால் தன் இருக்கையைத் தானே காவல் காக்க வந்தான்.

அந்த இருக்கையின் லட்சணத்தையும் சொல்ல வேண்டும். மைதானத்தின் கோடியில், நடு மதிலுக்குப் பின்னால், பன்னிரண்டாம் வரிசை. ஆட்டம் பார்க்க அருமையான இடம், பந்து பறந்து வந்து மடியில் விழும். கச்சேரிக்கோ மேடையை எங்கள் மூக்குக்கு நேராகத்தான் கட்டுவார்கள், அதுவும் எங்களுக்கு முதுகைக் காட்டி. இரும்புச் சட்டம், ஒயர்ச் சுருள், காலிப் பெட்டிகள், டிரம்ஸ் வாசிப்பவனின் முதுகு, அதற்கும் அப்பால் பாடகனின் முதுகு. இவ்வளவுதான் எங்கள் கச்சேரி. டிக்கெட்டிலேயே 'பார்வை மறைவு' என்று அச்சடித்து, பாதி விலைக்குக் கொடுத்துவிடுவார்கள்.

நான் பெர்னி. முப்பத்தொன்பதாம் நம்பர் பஸ்ஸை இருபத்தெட்டு வருஷம் ஓட்டியவள். எல்மருக்கு வலது பக்கம் என் இருக்கை, இடது பக்கம் அவன் மனைவி வெர்னா. நான் போவது சாஸேஜுக்கும் பியருக்கும் ஏரிக் காற்றுக்கும்தான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

சும்மா உட்கார்ந்திருக்க எல்மருக்குத் தெரியாது. பேஸ்பால்காரர்களான எங்களுக்கு ஆட்டம் பார்க்கும்போது மடியில் ஸ்கோர் அட்டை வேண்டும், கையில் பென்சில் வேண்டும். பந்து எங்கே போனது, யார் பிடித்தார், யார் கோட்டை விட்டார் என்று கட்டம் கட்டமாக எழுதிக்கொண்டே போவோம். எல்மர் முதல் கச்சேரிக்கே பழக்கதோஷத்தில் அட்டையைக் கொண்டு வந்தான். ஒரு பாட்டு ஒரு இன்னிங்ஸ் என்று வைத்துக்கொண்டான். கிட்டார்காரன் தனியாக வாசித்தால் ஒரு ஹிட். கிட்டாரை மாற்றினால் மாற்று ஆட்டக்காரன். யாராவது ஒயர் தடுக்கி விழுந்தால் பிழை. காதில் கவசத்தோடு இத்தனையையும் கண்ணாலேயே கண்டுபிடித்து எழுதுவான். ஏழாவது இன்னிங்ஸில் ஸ்டேடியமே எழுந்து நின்று சோம்பல் முறிக்கும் வழக்கம் எங்களுடையது என்பதால், ஏழாவது பாட்டு முடிந்ததும் எழுந்து கையைத் தூக்கிச் சோம்பல் முறிப்பான். எங்கள் வரிசையில் இருபது பேர் நிரந்தரம். முதலில் சிரித்தோம். மூன்றாவது வருஷத்திலிருந்து நாங்களும் எழுந்து முறித்தோம்.

அட்டையில் ஒரு குறி உண்டு. ஆட்டம் நடக்கும்போது கழிப்பறைக்கோ சாஸேஜ் வாங்கவோ போய்விட்டால், அந்தக் கட்டத்தில் 'பார்க்கவில்லை' என்று எழுதிவிடலாம். நேர்மையான சோம்பேறிகளுக்காகவே உண்டாக்கிய குறி. என் அட்டையில் அது தாராளமாக இருக்கும். எல்மர் என் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, ஏதோ செத்த எலியைத் திருப்பிக் கொடுப்பதுபோல இரண்டு விரலால் திருப்பிக் கொடுப்பான். ஆட்டமோ கச்சேரியோ, அவன் அட்டையில் அந்தக் குறி ஒரு தடவைகூட விழுந்ததில்லை. அதில் அவனுக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

வெர்னாவின் கதை வேறு. அவளுக்கு உயிர் என்றால் ஒரே ஒரு குழுதான், 'நைட் பிளம்பர்ஸ்'. பள்ளிக்கூட உணவகத்தில் உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டே அவர்கள் பாட்டைத்தான் முணுமுணுப்பாளாம். அந்தக் குழுவின் பாடகன் டெல் ராஃபர்டி, தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் இல்லாமல் படத்தில்கூட வந்ததில்லை. எங்கள் ஸ்டேடியத்துக்குப் பதினொரு தடவை வந்திருக்கிறார்கள். பதினொரு தடவையும் வெர்னா பார்த்தது அவன் முதுகை. தோல் சட்டையில் எந்த வருஷம் எந்த இடத்தில் தையல் விட்டது என்று அவளால் சொல்ல முடியும். திரும்பிப் பார்க்கிற வழக்கம் அவனுக்குக் கிடையாது. டிரம்ஸ் வாசிக்கிற ஹப் மட்டும்தான் ஏழாவது பாட்டு முடிந்ததும் தண்ணீர் குடிக்கத் திரும்புவான், சோம்பல் முறிக்கிற எங்களைப் பார்த்துக் குச்சியை உயர்த்துவான், எல்மர் பென்சிலை உயர்த்துவான்.

போன வசந்தத்தில் இரண்டு செய்திகள் ஒரே வாரத்தில் வந்தன. நைட் பிளம்பர்ஸ் கடைசிச் சுற்றுப்பயணம் கிளம்புகிறார்கள், ஜூன் மாதம் இங்கே வருகிறார்கள் என்பது ஒன்று. வெர்னாவின் கண்ணைப் பரிசோதித்த டாக்டர், பார்வையின் நடுப்பகுதி போய்க்கொண்டிருக்கிறது, ஓரம் தெரியும், நேரே பார்ப்பது மங்கிவிடும், பனிக்காலம் வரை தாக்குப்பிடித்தால் அதிர்ஷ்டம் என்று சொன்னது இன்னொன்று. நேரே பார்ப்பது என்றால் முகம் பார்ப்பதுதானே. என்னோடு காரில் வரும்போது வெர்னா அழவில்லை. இத்தனை வருஷமாக அவன் முதுகையே பார்த்தாயிற்று, ஒரு தடவை முகத்தைப் பார்த்துவிட வேண்டும், டிவியில் எல்லோரும்தான் பார்க்கிறார்கள், தனக்கு நேரில் வேண்டும் என்றாள். மைதானத்துக்குள்ளேயே நாற்காலி போடுகிற வரிசையில் இரண்டு டிக்கெட்டை வாங்கியும் விட்டாள்.

எல்மர் மூன்று வாரம் ஒற்றைக்காலில் நின்றான். அவளை அனுப்பிவிட்டுத் தான் மட்டும் பழைய இடத்தில் உட்காருகிறேன் என்றான். அவள் கண்ணைப் பற்றி அவனிடம் பேசினால், புதுக் கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டு எழுந்து போய் ஃப்ரிட்ஜைத் திறந்து பார்ப்பான். ஃப்ரிட்ஜுக்குள் என்னதான் வைத்திருந்தானோ. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு நாள் அவர்கள் சமையலறையிலேயே வைத்து வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

"யோவ் எல்மர், உனக்குப் பொண்டாட்டி பெருசா, பிளாஸ்டிக் நாற்காலி பெருசா?"

அவன் நிஜமாகவே யோசித்தான். அவன் யோசித்ததைப் பார்த்து வெர்னாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கடைசியில் ஒரு உடன்பாடு ஆனது. பழைய இரண்டு இருக்கைகளுக்கும் டிக்கெட் வாங்கி என்னிடம் கொடுத்துவிடுவான். நான் அவற்றில் ஒரு ஈயைக்கூட உட்காரவிடக் கூடாது. அடையாளத்துக்குத் தன் இருக்கையில் தன் தொப்பியையும் வெர்னா இருக்கையில் அவளுடைய நீல ஸ்வெட்டரையும் வைக்க வேண்டும். எங்கள் ஊரில் இருக்கையில் ஒரு பொருள் இருந்தால் இருக்கைக்கு ஆள் இருக்கிறது என்று அர்த்தம். அந்தத் தொப்பியை அவன் என் கையில் கொடுத்தபோது, கைக்குழந்தையைக் கொடுக்கிற மாதிரி அடியில் கையைத் தாங்கிக் கொடுத்தான்.

கச்சேரி நாள் வந்தது. முன்பக்கம் நடந்ததை வெர்னா பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். மைதானத்தில் புல் நசுங்காமல் இருக்கப் பிளாஸ்டிக் பலகை விரித்திருந்தார்கள். பேஸ்பாலில் எல்லைக் கோட்டை மிதித்தால் ஆகாது என்று ஒரு நம்பிக்கை. ஆட்டக்காரர்களே தாண்டித்தான் போவார்கள். ஆனால் கோடு இப்போது பலகைக்கு அடியில் இருக்கிறது. எல்மர் போகிற வழியில் நின்றுவிட்டான். தூரத்தில் அந்தக் கோடு முடிகிற மஞ்சள் கம்பத்தையும் இந்தப் பக்கத்து மூலையையும் ஒற்றைக் கண்ணை மூடிக் குறி பார்த்தான். இரண்டடி நகர்ந்தான். மறுபடி பார்த்தான். பிறகு முழங்காலை மார்பு வரை தூக்கி, இல்லாத ஒன்றைத் தாண்டினான். பின்னால் வந்தவர்கள் கீழே ஏதோ கரண்ட் ஒயர் ஓடுகிறது என்று நினைத்து, ஒவ்வொருவராகக் காலைத் தூக்கித் தாண்டினார்கள். அரைமணி நேரம் கழித்தும் அந்த இடத்தில் ஆட்கள் தாண்டிக்கொண்டிருந்தார்கள், காவலுக்கு நின்றவன் உட்பட.

அதைவிடப் பெரிய கூத்து, அவர்களுக்கு நாற்காலி போட்டிருந்த இடம். எல்மர் அளந்து பார்த்தான். சரியாக இரண்டாவது பேஸ், ஓடுகிற ஆட்டக்காரன் காலை ஊன்றி நிற்கிறவரை அவனை அவுட் ஆக்க முடியாத இடம். முகம் மலர்ந்துவிட்டது அவனுக்கு. வலது காலை அங்கே ஊன்றியவன் எடுக்கவேயில்லை.

அவன் சந்தோஷம் அப்படி என்றால், வெர்னாவின் நிலைமை பரிதாபம். அவள் உயரம் ஐந்தடிகூட இல்லை. விளக்கு எரிந்து முதல் தாளம் விழுந்ததும் முன்னால் இருந்த அத்தனை பேரும் எழுந்தார்கள், எழுந்தவர்கள் உட்காரவேயில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் முதுகு. தோல் சட்டை முதுகு, பனியன் முதுகு, பச்சை குத்திய முதுகு. முதுகுகளுக்கு மேலே போனைப் பிடித்த கைகள். பின்னால் இருந்தால் பாடகன் முதுகாவது தெரிந்திருக்கும். நாற்காலிமேல் ஏறினாள், காவல்காரன் வந்து இறங்கச் சொன்னான். ஓரமாகப் போய் நின்றால் இடைவெளியில் தெரியும், வா போகலாம் என்று எல்மரின் கவசத்தை விலக்கிக் காதில் கத்தினாள்.

"நான் பேஸை விட்டு நகர்ந்தா அவுட்டு" என்றான் எல்மர்.

அவனை விட்டுவிட்டுப் போகவும் அவளுக்கு மனசில்லை. ஆறு பாட்டு முடிந்துவிட்டது. இந்த ஜென்மத்தில் தனக்குக் கொடுத்துவைத்தது முதுகுதான் என்று வெர்னா அப்போது தீர்மானமே செய்துவிட்டாளாம்.

இங்கே என் கதையைக் கேளுங்கள். ஜூன் மாதம் எங்கள் ஏரியிலிருந்து கொசு மாதிரி ஒரு பூச்சி கிளம்பும், கடிக்காது, ஆனால் விளக்கு எரிகிற இடமெல்லாம் மேகமாக மொய்க்கும். அன்றைக்கு அது என் இரண்டு கண்ணிலும் விழுந்துவிட்டது. கண் எரிந்து தண்ணீராகக் கொட்டுகிறது. ஒரு கையிலிருந்த காகிதத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு கையில் ரொட்டிக்குள் வைத்த சாஸேஜைப் பிடித்துக்கொண்டு, பக்கத்து இரண்டு காலி இருக்கைகளில் தொப்பியையும் ஸ்வெட்டரையும் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஏழாவது பாட்டு முடிந்தது. எங்கள் ஆட்கள் எழுந்து சோம்பல் முறித்தார்கள். ஹப் வழக்கம்போலத் தண்ணீர் பாட்டிலோடு திரும்பினான், குச்சியைத் தூக்கினான். தூக்கிய கை பாதியில் நின்றது. தொப்பியைப் பார்த்தான். ஸ்வெட்டரைப் பார்த்தான். கண்ணைத் துடைக்கிற என்னைப் பார்த்தான். எங்கே அவர்கள் என்று புருவத்தால் கேட்டான். என் வாய் நிறைய ரொட்டி. முன்பக்கம் போயிருக்கிறார்கள் என்று காட்ட வேண்டும், நடுவில் மேடை மலை மாதிரி நிற்கிறது. நான் என்ன செய்வேன், மேடைக்கு மேலே கையை நீட்டிக் காட்டினேன்.

அவன் வியர்வைக்குக் கட்டியிருந்த நெற்றிப்பட்டையைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டான். நல்ல மரியாதை தெரிந்த பிள்ளை என்று நானும் தலையாட்டினேன். அவன் எழுந்து போய் டெல் ராஃபர்டியின் காதில் என்னமோ சொன்னான். டெல் அப்படியே நின்றுவிட்டான். பிறகு தொப்பியைக் கழற்றினான், கறுப்புக் கண்ணாடியையும் கழற்றினான். நாங்கள் பார்த்தது அவன் பின்மண்டை வழுக்கையை. நான் கை காட்டியது வானத்தை என்று அவன் எடுத்துக்கொண்டது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"இந்த ஊர்ல எங்களுக்கு ரெண்டு பேர் இருந்தாங்க" என்று மைக்கில் ஆரம்பித்தான் டெல். "பேர் தெரியாது. பின்னாடி பன்னிரண்டாவது வரிசை. அவர் என்னமோ எழுதிக்கிட்டே இருப்பாரு, அந்தம்மா கூடவே பாடுவாங்களாம். ஒவ்வொரு தடவையும் வந்து என் முதுகைப் பார்த்துட்டுப் போயிருக்காங்க. நான் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. இன்னிக்கு அங்க ஒரு தொப்பியும் ஸ்வெட்டரும்தான் இருக்கு. அவங்க யாரையும் மறைச்சு நின்னதில்லை. அவங்களுக்காக எல்லாரும் ஒரு நிமிஷம் உட்காருங்க. தொப்பியக் கழட்டிட்டு, சத்தமில்லாம."

நான் துள்ளி எழுந்தேன். செத்துப் போகவில்லை, இருக்கிறார்கள் என்று இரண்டு கையையும் ஆட்டினேன். வாயில் ரொட்டி அடைத்துக்கொண்டு இருமல் வேறு. எங்கள் பகுதிக்கு டிக்கெட் சரிபார்க்கிற இளைஞன், துக்கம் தாங்காமல் கிழவி தவிக்கிறாள் என்று நினைத்து ஓடி வந்தான். என் தோளை அணைத்து உட்காரவைத்தான். மிகவும் இளகிய மனசு அவனுக்கு. எல்மரின் தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு எல்மரின் இருக்கையிலேயே உட்கார்ந்து என் முதுகைத் தடவிக் கொடுத்தான். டிரம்ஸுக்குப் பின்னால் வந்த கேமராக்காரன் இந்த உருக்கமான காட்சியைப் பிடித்து, மேடையின் இரண்டு பக்கத்துப் பெரிய திரைகளிலும் போட்டுவிட்டான்.

நாற்பதாயிரம் பேர் உட்கார்ந்தார்கள். நாற்பதாயிரம் தொப்பிகள் இறங்கின. ஏரிப் பறவை ஒன்று கத்தியது கேட்டது. அத்தனை பெரிய மைதானத்தில் நின்றுகொண்டிருந்தவர்கள் இரண்டே பேர், யாருக்காக மௌனமோ அந்த இரண்டு பேர்.

வெர்னா ஏன் நின்றாள் என்றால், முன்னால் இருந்த முதுகுகளெல்லாம் ஒரே நேரத்தில் கீழே போய்விட்டன. அவளுக்கு நேரே, தடையில்லாமல், டெல் ராஃபர்டி முகத்தை மூடாமல் நிற்கிறான். எல்மர் ஏன் நின்றான் என்றால், காதில் கவசம், கண் அட்டையில், கால் பேஸில். ஏழாவது கட்டத்தை எழுதி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தான். திரையில் தன் இருக்கை. தன் இருக்கையில் எவனோ ஒருவன். மடியில் தன் தொப்பி.

"யோவ்! எந்திரிடா! அது என் சீட்டு!"

கவசம் போட்டவனுக்குத் தன் குரல் எவ்வளவு பெரிது என்று தெரியாது. மேடையைத் தாண்டி எனக்கே கேட்டது. தலையில் அடித்துக்கொண்டேன். அந்தப் பையன் பயந்து எழுந்துவிட்டான். முதலில் ஒரு மூலையில் யாரோ சிரித்தார்கள், பிறகு ஸ்டேடியமே சிரித்தது. ஹப் எட்டிப் பார்த்து, ஆரஞ்சுக் கவசத்தையும் பென்சிலையும் அடையாளம் கண்டு, குச்சியால் டிரம்ஸின் பித்தளைத் தட்டை ஓங்கி ஒரு அடி அடித்தான். டெல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததில் அவன் சட்டையின் முதுகுத் தையல் இன்னும் இரண்டு அங்குலம் விட்டதை நான் பார்த்தேன்.

டெல் தொப்பியைத் தலையில் வைக்கப் போனான். உட்கார்ந்தவர்கள் எழத் தொடங்கினார்கள். அப்போதுதான் வெர்னா பேசினாள். கத்தவில்லை. சிரிப்பு ஓய்ந்து அடுத்த பாட்டு இன்னும் தொடங்காததால் சுற்றியிருந்தவர்களுக்குக் கேட்டது, அவர்கள் சொல்லிச் சொல்லி மேடைவரை போனது.

"கொஞ்சம் எந்திரிக்காதீங்க. நான் இன்னும் பார்த்து முடிக்கலை."

எழுந்தவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். டெல் தொப்பியையும் கண்ணாடியையும் ஹப்பின் டிரம்மின் மேல் வைத்துவிட்டு, மேடையின் விளிம்புக்கு வந்து, எட்டாவது பாட்டை அப்படியே நின்று பாடினான். ஒரு தலைகூட மறைக்கவில்லை. பாட்டு முடிகிறவரை வெர்னா கண்ணைச் சிமிட்டக்கூட இல்லை என்று பக்கத்தில் இருந்த பெண் பிறகு சொன்னாளாம்.

வண்டி நிறுத்துமிடத்தில் அவர்களைப் பிடித்தேன். வெர்னா தலையிலிருந்து பூச்சிகளைத் தட்டிக்கொண்டிருந்தாள். முகம் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"மூக்கு கோணல். கண்ணுக்குக் கீழ ரெண்டு பை. பல்லெல்லாம் இருக்கு" என்றாள். பிறகு, "போதும் பெர்னி. இனிமே மங்கினா மங்கட்டும்" என்றாள். சொல்லிவிட்டுக் காரில் ஏறி உட்கார்ந்து சீட்டில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

எல்மர் வெளியே நின்று என்னைக் குறுக்கு விசாரணை செய்தான். அந்தப் பையன் எத்தனை நிமிஷம் உட்கார்ந்தான், கைப்பிடியைத் தொட்டானா, முதல் வரிசையில் காலி இருக்கும்போது தன் இருக்கைதான் கிடைத்ததா என்று அடுக்கினான். வாயை அடைக்க வேறு வழி தெரியாமல் அவன் கையிலிருந்த ஸ்கோர் அட்டையைப் பிடுங்கிப் பார்த்தேன். வழக்கம்போல முத்து முத்தான எழுத்து. முதல் பாட்டு, இரண்டாவது, மூன்றாவது, எல்லாம் சுத்தம். எட்டாவது கட்டத்துக்கு வந்ததும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். 'பார்க்கவில்லை' என்று எழுதியிருந்தது.

விடுவேனா நான்? முப்பத்தொரு வருஷமாக இவன் என் அட்டையைப் பார்த்து மூக்கைச் சுளித்ததற்கெல்லாம் சேர்த்து வாங்கிவிட வேண்டும் என்று கை பரபரத்தது.

"என்னய்யா இது? ஒண்ணுக்குப் போயிட்டியா?"

"இல்லை. பேஸ்லயேதான் நின்னேன்."

"மேடை நேரேதானே இருந்துச்சு. அதைப் பார்க்காம வேற எதைப் பார்த்த?"

அவன் அட்டையை என் கையிலிருந்து வாங்கினான். மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். காருக்குள் கண்ணை மூடியிருந்த வெர்னாவை ஒரு தடவை பார்த்துக்கொண்டு, அவளுக்குக் கேட்காத குரலில் சொன்னான்.

"அவ பார்த்துக்கிட்டு இருந்தா. நான் அவளைப் பார்த்துக்கிட்டு இருந்தேன்."